அதிர்ச்சியின் இரண்டாம் பதிப்பு

‘போரட்’டைவிட ‘புரூனோ’ துணிச்சலான படம், ஆகவே உயர்ந்த படம் என்று ஒரு அபிப்ராயம் நம்மிடையே வெகு நாட்களாக நடமாடிக்கொண்டிருக்கிறது. சொல்பவர்கள் மூன்று பேரோ நான்கு பேரோதான். ஆனால் நம் வட்டாரத்தில் நான்கு பேர் என்றால் அது ஒரு இயக்கம். நான் மதிக்கிற கவிஞர் ஒருவரும் அந்த நால்வரில் அடக்கம் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. சென்ற மாதம் அவர் அறையில் இரண்டு படங்களையும் ஒரே இரவில் மறுபடியும் போட்டுப் பார்த்தோம். விடியும்போது அவர் அபிப்ராயம் மாறியிருக்கவில்லை. என்னுடையதும் மாறவில்லை. ஆனால் இதுநாள்வரை ரசனை வித்தியாசம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த விஷயம் ரசனை வித்தியாசம் இல்லை, கலையில் அதிர்ச்சி என்பது எதற்கு என்பது பற்றிய அடிப்படையான குழப்பம் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

பார்க்காதவர்களுக்காக: ‘போரட்’ 2006இல் வந்தது, ‘புரூனோ’ 2009இல். இரண்டுக்கும் இயக்குநர் லாரி சார்லஸ். இரண்டிலும் வேஷம் கட்டியவர் சாஷா பாரன் கோஹன் என்ற ஆங்கிலேய நடிகர். இருவரும் அவருடைய பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து வந்த பாத்திரங்கள். போரட், கஸகஸ்தானிலிருந்து அமெரிக்காவைக் கற்றுக்கொள்ள வந்த, யூதர்களைக் கண்டால் நடுங்குகிற ஒரு தொலைக்காட்சி நிருபன். புரூனோ, வேலை போன பிறகு எப்படியாவது பிரபலமாகியே தீருவது என்று அமெரிக்காவுக்கு வருகிற ஆஸ்திரியத் தற்பால் விருப்பக்காரன், பாஷன் நிகழ்ச்சி நடத்தியவன். எதிரே வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது வேஷம் என்று தெரியாது. இரண்டு படங்களின் வழிமுறையும் இதுதான். முதலாவது 18 மில்லியன் டாலரில் எடுக்கப்பட்டது, இரண்டாவது 42 மில்லியனில். முதலாவது சம்பாதித்ததில் ஏறக்குறைய பாதிதான் இரண்டாவது சம்பாதித்தது. இதை என் வாதத்துக்குத் துணையாகக் கொள்ளப்போவதில்லை. டிக்கட் விற்பனையைக் காட்டி ஒரு படைப்பை நிராகரிக்கிற வேலையைச் செய்யப் பெரிய பத்திரிகைகள் இருக்கின்றன.

‘போரட்’டில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. அமெரிக்காவின் தென்பகுதியில், கண்ணியமான ஒரு வீடு. நாகரிகமான உணவுப் பழக்கங்களைக் கற்றுக்கொள்ள வந்திருக்கிற அயல்நாட்டு நிருபனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் ஒவ்வொருவராக அவமானப்படுத்துகிறான். ஒருவர் தாம் ஓய்வு பெற்றவர் என்று சொல்வதை மந்தபுத்திக்காரர் என்று எடுத்துக்கொள்கிறான். அங்கிருக்கும் பெண்களின் அழகை அவர்கள் கணவன்மார் முன்னிலையிலேயே தரம் பிரிக்கிறான். சகித்துக்கொள்கிறார்கள். கழிப்பறைக்குப் போகிறவன் தன் மலத்தை ஒரு பையில் போட்டு, கையில் பிடித்துக்கொண்டு மேஜைக்கே திரும்பி வருகிறான். வீட்டு அம்மாள் என்ன செய்கிறாள்? அவனை மாடிக்கு அழைத்துப்போய், குழந்தைக்குச் சொல்லித் தருவதுபோல, எங்கே உட்கார வேண்டும், எதால் துடைக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறாள். அவன் இல்லாத நேரத்தில் அவனைப் பற்றி நல்லபடியாகவே பேசிக்கொள்கிறார்கள். வித்தியாசங்கள் பெரியவைதான், ஆனாலும் இனிமையான மனிதன், சீக்கிரமே அமெரிக்கனாகிவிடுவான் என்று. அப்புறம் வாசல் மணி அடிக்கிறது. அவன் வரச்சொல்லியிருந்த ஒரு கறுப்பினப் பெண், விலைமகள் உடையில், உள்ளே வருகிறாள். விருந்து அத்துடன் முடிந்தது. போலீசுக்குச் சொல்லியாயிற்று, வெளியே போ என்கிறார்கள்.

இந்தக் காட்சியில் அதிர்ச்சி எது? நம் நண்பர்கள் அந்தப் பையைச் சொல்வார்கள். பையைக் கண்டு நாமும்தான் முகத்தைச் சுளித்தோம், சிரித்தோம். ஆனால் பை வந்தபோது அந்த வீடு குலையவில்லை. அந்த அம்மாளின் பொறுமைக்கு முன்னால் கோஹன்தான் அந்த நிமிஷத்தில் சிறியவராகத் தெரிகிறார். இப்பேர்ப்பட்ட பொறுமைக்கும் எல்லையாக ஒரு மனிதப் பிறவி வந்து வாசலில் நிற்கிறாளே, அதுதான் அதிர்ச்சி. அவள் நிறத்தாலா, தொழிலாலா என்று கேட்டால் படம் பதில் சொல்வதில்லை. நமக்கே விட்டுவிடுகிறது. ஒரு கலைஞன் செய்ய வேண்டிய காரியம் என்று இதைத்தான் சொல்வேன். பை என்பது அளவுகோல். அளக்கப்பட்டது வேறு.

போரட் ஒரு விருந்தாளி என்பதால்தான் இது நடந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது, எதிரே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். ஆகவே சொல்லித் தருகிறார்கள். சொல்லித் தரும்போது மனிதர்கள் தங்களைக் காட்டிக்கொள்கிறார்கள். எதிர்த்துப் பேசும்போது அப்படிக் காட்டிக்கொள்வதில்லை. வர்ஜீனியாவில் ஒரு ரோடியோ மைதானத்தில் ஒலிபெருக்கி முன்னால் நின்று, ‘உங்கள் தீவிரவாதப் போரை’ நாங்கள் ஆதரிக்கிறோம் என்று வார்த்தையைப் பிசகிச் சொல்கிறான். கூட்டம் கைதட்டுகிறது. இராக்கில் ஆயிரம் வருஷத்துக்கு ஒரு பல்லிகூடப் பிழைக்காதபடி அழிப்பீர்களாக என்று ஆசி கூறும்போதும் கைதட்டல் இருக்கிறது, கொஞ்சம் தயங்கிய கைதட்டல். கடைசியில் அவர்கள் தேசிய கீதத்தின் மெட்டில் தன் நாட்டைப் புகழ்ந்து பாடுகிறான். அப்போதுதான் ஊளையிடுகிறார்கள். ஒரு நாடே பல்லியில்லாமல் போவதற்குக் கைதட்டி, மெட்டு பறிபோனதற்குக் கோபப்பட்ட கூட்டம்! இந்த வரிசை யோசித்துக் கட்டப்பட்ட ஒன்று. படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் அவர்கள் தாமாக ஏறி வரும்படி.

அந்நியனின் கண்ணால் சொந்த தேசத்தைப் பார்ப்பது என்பது பழைய உத்திதான். மான்டெஸ்கியூ ‘பாரசீகக் கடிதங்க’ளில் 1721இலேயே இரண்டு பாரசீகர்களைப் பாரீசில் நடமாட விட்டார். கோஹன் அந்தப் பரம்பரையில் அழுக்குச் சட்டையோடு வந்து சேர்ந்தவர். கஸக் மொழி என்று அவர் திரையில் பேசுவது பெரும்பாலும் ஹீப்ரு. யூத வெறுப்பாளன் ஒருவன் யூதர்களின் மொழியிலேயே யூதர்களைத் தூற்றுகிறான், அதைச் செய்கிறவர் ஒரு யூதர். தெரியாதவர்களுக்கு அது ஏதோ ஒரு சத்தம். தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு தொண்டையில் நிற்கும். இத்தனை அடுக்குகள் அந்த முதல் படத்தில் உண்டு.

இனி ‘புரூனோ’. 2008இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராவதற்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ரான் பால் என்ற எழுபது கடந்த அரசியல்வாதியைப் பேட்டி என்று சொல்லி ஒரு ஓட்டல் அறைக்கு வரவழைக்கிறார்கள். விளக்கு பழுதாகிவிட்டது என்று அடுத்த அறையில் உட்கார வைக்கிறார்கள். அங்கே படுக்கை, மெழுகுவர்த்தி, ஷாம்பெய்ன். புரூனோ இடுப்பை ஆட்டுகிறான், கால்சட்டையைக் கழற்றுகிறான். கிழவர் ஓர் இழிசொல்லைச் சொல்லித் திட்டிக்கொண்டே வெளியேறுகிறார். அவ்வளவுதான் காட்சி.

‘பார்த்தீர்களா, அந்தச் சொல் வந்துவிட்டது அல்லவா’ என்றார் நண்பர். வந்தது, மறுக்கவில்லை. அச்சொல்லுக்காக நான் ரான் பாலுக்கு வக்காலத்து வாங்கப்போவதுமில்லை. ஆனால் பேட்டிக்கு என்று வரவழைக்கப்பட்ட ஒருவர், முன்பின் தெரியாத ஆள் கதவைச் சாத்திக்கொண்டு கால்சட்டையைக் கழற்றினால் வெளியேறத்தான் செய்வார். மனசு திறந்தவரும் வெளியேறுவார், குறுகியவரும் வெளியேறுவார். ஒரே விடை மட்டுமே சாத்தியமான கேள்வியைக் கேட்டுவிட்டு, விடை வந்ததும் பிடித்துவிட்டேன் என்று கூவுவது விமர்சனமாகாது. போரட்டின் எதிரே உட்கார்ந்தவர்களுக்குச் செய்வதற்கு ஏதோ இருந்தது: திருத்தலாம், சொல்லித் தரலாம், ஒத்துப்போகலாம், மறுக்கலாம். புரூனோவின் எதிரே இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி, எழுந்து போவது. அவனுக்கு அவர்களிடமிருந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. அவன் விருந்தாளியாக வரவில்லை. சுவரேறிக் குதித்தவன்.

அலபாமாவில் வேட்டைக்காரர்களுடன் காட்டில் ஒரு இரவு. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். புரூனோ நட்சத்திரங்களைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறான், தங்களை ஒரு பெண்கள் தொடரின் பாத்திரங்களோடு ஒப்பிடுகிறான். அவர்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நீண்ட மௌனம். அந்த மௌனத்தில் ஒரு பெரிய காட்சிக்கான விதை இருந்தது. சங்கடமா, கூச்சமா, வெறுப்பா, இல்லை வெறும் தூக்கமா? இன்னும் இரண்டு நிமிஷம் காமிரா அங்கேயே இருந்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். ஆனால் கோஹனுக்குப் பொறுமை இல்லை. நள்ளிரவில் நிர்வாணமாக ஒருவர் கூடாரத்துக்கு முன் போய் நிற்கிறார், அந்த ஆள் சீறுகிறார், காட்சி வெட்டப்படுகிறது. முதல் படத்தை எடுத்தவருக்கு மௌனத்தின் விலை தெரிந்திருந்தது. மூன்றே வருஷத்தில் அது மறந்து போயிற்று.

தற்பால் விருப்பத்தின் மீது அமெரிக்கா காட்டும் வெறுப்பை இந்தப் படம் அம்பலப்படுத்துகிறது, அதைக் குறை சொல்கிற நீங்கள் ஒழுக்கவாதி என்றார் நண்பர். யார் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கவனித்துவிட்டு இதைப் பேசலாம். படத்தின் முதல் பாதியில் சிரிப்பதற்காக நம்முன் வைக்கப்படுவது வெறுப்பவன் அல்ல, புரூனோவின் இடுப்பும் உச்சரிப்பும் படுக்கையறை இயந்திரங்களும்தான். 2009இல் நான் இதை முதலில் பார்த்தபோது அறையில் எட்டுப் பேர் இருந்தோம். அதிகம் சிரித்தவர்கள் யார் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெருவில் அப்படி ஒருவன் நடந்துபோனாலும் அதே சிரிப்பைத்தான் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் என்னுடையதும் இருந்தது. யூதர்களைப் பற்றி போரட் உளறும்போது நாம் சிரித்தது அந்த உளறலின் மடமையைக் கண்டு. புரூனோவைக் கண்டு சிரித்தது அப்படி அல்ல. அமெரிக்காவில் தற்பால் விருப்பக்காரர்களின் அமைப்புகள் சில அப்போதே இதைச் சொல்லிக் கவலைப்பட்டன. நம் ஆட்கள் அதை வெறும் தொட்டாற்சிணுங்கித்தனம் என்று தள்ளிவிட்டார்கள்.

படத்தில் நல்ல இடமே இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். விளம்பரப் படத்துக்குக் குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கிற காட்சி இருக்கிறது. பெற்றோர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்கிறான். குழந்தை கொஞ்சம் மெலிய வேண்டுமே? சரி. ஆபத்தான ரசாயனப் பொருள் பக்கத்தில் இருந்தால்? பரவாயில்லை. நாஜி உடை? அதற்கும் சரி. இங்கே அவர்கள் எழுந்து போகவில்லை. ஏனென்றால் அவனிடமிருந்து அவர்களுக்கு ஒன்று வேண்டியிருக்கிறது. பழைய விதி இந்த ஒரு காட்சியில் வேறு உருவில் உயிரோடு இருக்கிறது. பாடகி பாலா அப்துலை அழைத்து வந்து, நாற்காலிகளுக்குப் பதிலாகக் கைகால் ஊன்றி நிற்கிற மெக்சிகோக் கூலியாட்களின் முதுகில் உட்கார வைக்கிறான். அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கி, உட்கார்ந்து, மனிதர்களுக்குத் தான் செய்கிற உதவிகளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள். ஒரு மனித முதுகின் மேல் உட்கார்ந்துகொண்டு! இதைவிடக் கச்சிதமான ஒரு படிமத்தை நம் கவிஞர்கள் யாராவது எழுதியிருந்தால் நான் அவர் காலடியில் உட்காரத் தயார்.

கடைசிச் சண்டைக் காட்சியும் அப்படியே. ஆர்க்கன்ஸாவில் கூண்டுச் சண்டை, மலிவு விலையில் பீர் என்று விளம்பரம் செய்து கூட்டம் சேர்க்கிறார்கள். இரண்டு ஆண்கள் அரைநிர்வாணமாகக் கட்டிப்பிடித்து உருளுகிறார்கள், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அந்தப் பிடி மெல்ல அணைப்பாகிறது, முத்தமாகிறது. நாற்காலி பறந்து வந்து கம்பி வலையில் மோதுகிறது. ஒருவன் அழுதே விடுகிறான். அதே இரண்டு உடல்கள், அதே பிடி. எங்கே கோடு விழுகிறது என்று படம் விரல் வைத்துக் காட்டிவிடுகிறது. இந்த ஐந்து நிமிஷத்துக்காக நண்பர் முழுப் படத்தையும் மன்னிக்கிறார். நானும் மன்னித்திருப்பேன், படம் அங்கேயே முடிந்திருந்தால்.

முடியவில்லை. பின்னால் ஒரு பாட்டு வருகிறது. போனோ, ஸ்டிங், எல்டன் ஜான், ஸ்னூப் டாக் என்று வரிசையாக உலகப் பிரபலங்கள் வந்து புரூனோவோடு சேர்ந்து பாடுகிறார்கள். எல்டன் ஜான் பியானோ வாசிக்கிறார், ஒரு மெக்சிகோக்காரரின் முதுகில் உட்கார்ந்துகொண்டு. பாலா அப்துல் தெரியாமல் உட்கார்ந்தபோது அது குற்றம். இவர் தெரிந்தே உட்காரும்போது அது வேடிக்கையாகிவிட்டது. கீழே குனிந்திருக்கிற ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான். புகழ்ப் பைத்தியத்தைக் கேலி செய்யக் கிளம்பிய படம், புகழ்பெற்றவர்களிடம் நற்சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைக்கேல் ஜாக்சன் 2009 ஜூன் 25 அன்று இறந்தார். அன்று மாலைதான் ஹாலிவுட்டில் ‘புரூனோ’வின் முதல் காட்சி. அதில் அவர் சகோதரி லாடோயா ஜாக்சன் வருகிற ஒரு பகுதி இருந்தது. சில மணி நேரத்தில் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். அரங்குகளுக்கு வந்த பிரதியிலும் அது இல்லை. செய்தது சரிதான், துக்க வீட்டுக்கு மரியாதை. ஆனால் எதற்கும் அஞ்சாத, யாரையும் விடாத கலை என்று நீங்கள் சொல்கிற அந்தக் கலைக்கு மரியாதை என்கிற சொல் தெரிந்திருக்கிறது, யாரிடம் காட்ட வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதே படத்தில் பெத்லகேம் பக்கத்துப் பாலஸ்தீனர் ஒருவரின் முகத்துக்குக் கீழே பயங்கரவாதக் குழுத் தலைவர் என்று எழுத்துப் போட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்து, 2012இல்தான் அது சமரசத்தில் முடிந்தது. அவருக்காக ஒரு அடி பிலிமும் வெட்டப்படவில்லை.

முதல் படம் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. போரட்டின் கிராமமாகக் காட்டப்படுவது ருமேனியாவில் உள்ள குளோட் என்ற ஏழை ரோமா ஜனங்களின் ஊர். என்ன படம் என்று தங்களுக்குத் தெரியாது, கிடைத்தது அற்பக் கூலி என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். அமெரிக்க நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. வர்ஜீனியாவின் கூட்டத்துக்குத் தன்னைக் காட்டிக்கொள்ள வாய்ப்புத் தந்த படம், குளோட்காரர்களுக்கு முகம் மட்டுமே தந்தது. விருந்தாளி வேஷத்தின் தர்மம் அங்கே கைவிடப்பட்டது. ‘போரட்’டை நான் தூக்கிப் பிடிக்கும்போதெல்லாம் இந்த ஊர் என் நினைவில் வந்து உறுத்துகிறது. ‘புரூனோ’வில் என்னைச் சங்கடப்படுத்துவதெல்லாம் முதல் படத்தின் இந்த ஓட்டை வழியாக வந்ததுதானோ என்றும் தோன்றுகிறது.

அதிர்ச்சிக்கு ஆயுள் குறைவு என்பது சினிமாவுக்குப் புதிதில்லை. புனுவெல் 1929இல் ‘ஆண்டலூஷிய நாய்’ படத்தை முதலில் காட்டியபோது, கலகம் நடந்தால் எறிவதற்காகச் சட்டைப் பையில் கற்களோடு திரைக்குப் பின்னால் நின்றிருந்ததாகச் சொல்லியிருக்கிறார். பாரீசின் நாகரிகக் கூட்டம் கைதட்டியது. கற்களைக் கீழே போட்டுவிட்டார். அந்தக் கைதட்டல் அவருக்குக் கசந்தது. கண்ணை அறுத்தவர் அடுத்து மூக்கை அறுக்கப் போகவில்லை. மறு வருஷம் ‘பொற்காலம்’ எடுத்தார். அதற்கு வலதுசாரிக் கும்பல் திரையில் மையை வீசியது, போலீஸ் தடை போட்டது. கோஹனுக்கு நடந்தது தலைகீழ். 2006இல் அவர்மேல் பாய்ந்த கஸகஸ்தான் அரசாங்கத்தின் சுற்றுலாத்துறை 2020இல் போரட்டின் ‘வெரி நைஸ்’ என்ற பேச்சையே தன் விளம்பர வாசகமாக எடுத்துக்கொண்டது. கைதட்டல் கிடைத்துவிட்ட இடத்திலிருந்து எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் கழற்றினார்.

அதே 2020இல் போரட்டை மறுபடி கொண்டு வந்தார். வேறு இயக்குநர். தெருவில் எல்லோருக்கும் முகம் தெரிந்துவிட்டதால் வேஷத்தின் மேல் வேஷம். தொண்ணூறு சதவீதம் களைத்துப்போன படம். ஆனால் அவன் மகளாக வருகிற பெண்ணைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட ஓக்லஹோமாவின் ஒரு கறுப்பின அம்மாள், எல்லாவற்றையும் நிஜமென்று நம்பி, நீ நீயாக இருந்தால் போதும் என்று அந்தப் பெண்ணுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருகிறாள். அந்தச் சில நிமிஷங்களில் முதல் படத்தின் மாடிப்படி எனக்கு ஞாபகம் வந்தது.

இத்தனை கோபம் ஒரு கோமாளிப் படத்தின்மேல் எதற்கு? எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் என் மாமா சாவைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். அதில் ஒரு கெட்ட வார்த்தை வருகிறது. அத்தை சொன்ன வார்த்தை அது. பிணத்தைக் குளிப்பாட்டும்போது, முப்பது வருஷம் வாய் திறக்காமல் குடித்தனம் பண்ணிய மனுஷி, அவர் முகத்தைப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அழுதாள். எழுதியதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. கவிதை வந்த பிறகு அத்தையைப் பற்றி யாரும் பேசவில்லை, அந்த வார்த்தையைப் பற்றிப் பேசினார்கள். துணிச்சல் என்றார்கள். அடுத்த ஒரே வருஷத்தில் அதுபோல ஐந்து எழுதினேன். ஐந்திலும் வார்த்தைகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் முந்தியதைவிடக் கூடுதலாக. அவற்றில் எந்த அத்தையும் இல்லை. ஐந்தையும் கேட்டு வாங்கிப் போட்டார்கள்.

அன்று விடியற்காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் நண்பர், வாதத்துக்குத் துணையாக, அந்த ஐந்தில் இரண்டை மனப்பாடமாகச் சொன்னார். பிசகில்லாமல் சொன்னார். அத்தை வருகிற கவிதை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். எது என்றார்.